படுத்தால் போகும் வலி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கண் முதலில் தரைக்குத்தான் போகும். மற்றவர்கள் நாற்காலி எங்கே, மின்விசிறி எங்கே என்று பார்க்கிற நேரத்தில், சுவரோரமாக ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்று அவள் அளந்து முடித்திருப்பாள். வங்கியானாலும் சரி, பள்ளிக்கூடமானாலும் சரி, இழவு வீடானாலும் சரி. இடம் இருந்தால் முகத்தில் ஒரு தெம்பு வரும். இல்லாவிட்டால் வாசல் பக்கமே நின்றுகொண்டு, எப்போது கிளம்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். படுக்க வாய்த்தால் தலையணையை முழங்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வெறும் தரையில் மல்லாந்து கிடப்பாள்.

இதை எல்லோரும் வருடக்கணக்கில் கவனித்தார்கள். ஏன் என்று கேட்டவர் யாருமில்லை, பெயர் வைத்தவர்கள்தான் உண்டு. எதிர்வீட்டுப் பிள்ளைகள் அவளை 'மல்லாக்கா' என்று கூப்பிட்டார்கள். மல்லாக்கப் படுக்கிற அக்காவாம். அந்தப் பெயரைப் பிள்ளைகள் வாயில் போட்டது நாத்தனார்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசுகிற சுபாவம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. பேச வேண்டியதைப் பேச முடியாமல், அதற்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டே இருந்து பழகியவள்.

நாத்தனார் அவள் கணவனுக்கு மூத்தவள். பெற்றவர்கள் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பிள்ளை இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்குகிற வரை இயந்திரத்துக்கு முன்னால் நின்றே இருப்பாள். வாடிக்கையாளர் உட்காரப் போட்ட முக்காலியில்கூட ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. "நின்னு பொழைக்கிறவ நான்" என்பது அவள் அடிக்கடி சொல்கிற வார்த்தை. அதை யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் புரியும்.

மல்லாக்காவுக்குப் படுத்தால் மட்டும் விடுகிற அந்தத் தலைவலிக்கு வழி விழுந்தது மகள் பிறந்த அன்றைக்கு. வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேசையில் உட்காரவைத்து, முதுகை நன்றாக வளைத்துக் குனியச் சொன்னார்கள். ஊசி போட வந்தவர் இளம் வயது டாக்டர். முதல் தடவை சரியாக இறங்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அதற்குப் பிறகு போட்டபோது, அவள் முதுகுக்குப் பின்னால் மெதுவாக "அடடா" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவள் 'அடடா'வை மறந்துபோனாள்.

மறுநாள் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தாள். தலைக்குள்ளிருந்து யாரோ கயிறு கட்டிக் கீழே இழுப்பது போல இருந்தது. பிடரி இறுகிற்று. காது தண்ணீருக்குள் முங்கியது போல அடைத்தது. குமட்டலைத் தாங்க முடியாமல் அப்படியே பின்னால் சாய்ந்தாள். சாய்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் விட்டது. ஒன்றுமே நடக்காதது போல விட்டது.

"முதுகுல ஊசி போட்டா சில பேருக்கு இப்படி இருக்கும். படுத்துக்கோ, காப்பி குடி, ஒரு வாரத்துல போயிடும்" என்றாள் நர்ஸ்.

நர்ஸ் சொன்னது பொய்யில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் போய்விடும். இவளுக்குப் போகவில்லை.

ஒரு மாதம் வரை வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்றவள் படுத்திருப்பது வழக்கம்தானே. மூன்றாவது மாதத்தில் நாத்தனார் முணுமுணுக்கத் தொடங்கினாள். அரை வருடம் ஆனபோது முணுமுணுப்பு பேச்சாயிற்று. குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது, தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் நாத்தனார் கைக்குப் போயிற்று. கடையைப் பூட்டிவிட்டு வந்து செய்தாள். குறைவைக்காமல் செய்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். செய்துகொண்டே பேசினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"காலையில நல்லாத்தானே இருந்தே? அடுப்பெல்லாம் தொடச்சே?"

"காலையில அவ்வளவா தெரியாதுக்கா. நிக்க நிக்கத்தான் ஏறுது."

"ஓ, வேலை வர்ற நேரம் பாத்து ஏறுமோ? நல்ல வலிம்மா இது. மணி பாக்கத் தெரிஞ்ச வலி."

காப்பி குடித்தால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. அதனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை குடித்தாள். அதுவும் ஒரு குற்றமாயிற்று. படுத்துக்கொண்டு காப்பி குடிக்கிற மகாராணி என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. போனதுதான் பெரிய வினையாயிற்று. வரிசையில் நிற்க முடியாது. பத்து நிமிடம் நின்றால் கண் இருட்டும். ஆகவே கூடத்தில் இருக்கிற நீளப் பெஞ்சில் யாராவது இடம் விட்டால் படுத்துக்கொள்வாள். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து நாலு எட்டு நடந்து உள்ளே போவாள். அந்த நேரத்தில் வலி இருக்காது.

"இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்ல டாக்டர்."

"அப்புறம் எப்ப வலிக்கும்?"

"நின்னா."

"இப்ப நின்னுட்டுத்தானே இருக்கீங்க?"

 இன்னும் கொஞ்ச நேரம் என்னை நிற்க வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வெளியே கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கையில் அப்படிச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கும் படுக்கத்தான் சொன்னார்கள். இயந்திரத்துக்குள் இருந்த அந்த நேரம் முழுக்க அவள் தலையில் ஒரு வலியும் இல்லை. ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. ஒரு டாக்டர் கண்ணாடி போடச் சொன்னார். இன்னொருவர் அவள் கணவனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது மனத்தாங்கலா என்று விசாரித்தார். அதற்குப் பிறகு கணவன் அவளை எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அவன் கெட்டவனில்லை. பார்சல் வேன் ஓட்டுகிறவன். பகலெல்லாம் யார் யார் வீட்டுப் பெட்டியையோ மாடி ஏறிக் கொடுத்துவிட்டு, இடுப்பு ஒடிந்து வருவான். வந்து பார்க்கும்போது வீட்டில் விளக்குகூடப் போடாமல் ஒருத்தி தரையில் கிடந்தால் எரிச்சல் வராதா? வந்தது. ஆரம்பத்தில் அடக்கிக்கொண்டான். பிறகு அடக்குவதை விட்டுவிட்டான்.

மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு நாள் அவள் படுத்திருக்கையில் குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டது. தெருமுனையில் லாரி திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டிருந்ததாம். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்து நாத்தனாரிடம் கொடுத்தார். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. படுத்திருந்தவளின் தலைமாட்டில் நின்று, "இனிமே இது என்கிட்ட இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று கணவன் ஒரு வாக்குக் கொடுத்தான். அவள் அழுது அவன் பார்த்ததில்லை. பார்த்ததும் அவனுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அழாத. என்ன, புள்ளைய வித்துட்டா வந்துட்டோம்? பக்கத்துத் தெருதானே. நீ எந்திரிச்சு நடமாடு. நாலு பேரு மாதிரி நின்னு ஒரு வேலையப் பாரு. அன்னைக்கே கூட்டிட்டு வந்துடறேன். எங்கக்கா என்ன உன் புள்ளைய முழுங்கிடவா போறா?"

அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்றால் மகள் வந்துவிடுவாள். அவ்வளவுதான் கணக்கு. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவள் செய்தது எல்லாமே அந்த ஒன்றுக்காகத்தான்.

வேலைக்குப் போனால் நாலு பேர் மாதிரி ஆகிவிடலாம் என்று நினைத்தாள். துணிக்கடையில் சேர்ந்தாள், அரை நாள் தாங்கவில்லை. ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை, ஒரு வாரம். கடைசியில் பெரிய சாலையில் இருந்த மெத்தைக்கடைக்குத் தரை துடைக்கப் போனாள். அங்கேதான் அதிர்ஷ்டம் என்று மற்றவர்கள் சொன்ன ஒன்று நடந்தது.

கடையில் வரிசையாக மெத்தைகளை விரித்திருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் கையால் அமுக்கிப் பார்ப்பார்கள், ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். படுத்துப் பார்க்க வெட்கப்படுவார்கள். ஒரு நாள் மதியம் கடையில் யாருமில்லை என்று நினைத்து அவள் ஒரு நார் மெத்தையில் சாய்ந்துவிட்டாள். வயதான ஒரு தம்பதி உள்ளே வந்து அதைப் பார்த்துவிட்டார்கள். முதலாளி திட்ட வாயெடுப்பதற்குள் அந்தப் பெரியவர், "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க, எப்படி ஒரு நிம்மதி! எங்களுக்கும் அதே மெத்தையைப் போடுங்க" என்றார்.

முதலாளி பிழைக்கத் தெரிந்த மனிதர். மறுநாளே துடைப்பத்தை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவளை மெத்தைகளுக்கு நடுவில் நிற்கவைத்தார். யாராவது வந்தால், "நம்ம பொண்ணு படுத்துக் காட்டும் பாருங்க" என்பார். அவள் படுப்பாள். அதுவரை நின்ற வலியில் சுருங்கியிருந்த நெற்றி மெல்ல விரியும், புருவம் இறங்கும், மூச்சு நீளும். எந்த நடிகையாலும் அப்படி நடிக்க முடியாது. பார்க்கிறவர்களுக்கே கொட்டாவி வரும். மெத்தை நகர்ந்தது.

"உன் முகம் ஒரு முகமா? அது கல்லாப்பெட்டி!" என்று முதலாளி சிரிப்பார். பிறகு வாங்க வந்தவர்களிடம் திரும்பி, "ஆறு மாசம் இந்த நார் மெத்தையில படுத்தா முதுகெலும்பு நேராகிடும் சார். முதுகெலும்பு நேரானா தலைவலி எங்க வரும்?" என்பார். அவளையும் அப்படியே சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். நாள் தவறாமல், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் அவளே நம்பிவிட்டாள். தரையில் படுப்பதால் படுக்கிற நேரத்துக்கு மட்டும் வலி விடுகிறது. இந்த மெத்தையில் ராத்திரி முழுக்கப் படுத்தால் பகலுக்கும் சேர்த்து விடும் என்று அவளுக்குத் தோன்றிற்று. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதை வேனிலிருந்து இறக்கும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தாள்.

"அடேயப்பா! இத்தனை வருஷம் தரையில படுத்துப் படிச்சா. இப்ப பட்டம் வாங்கிட்டு வந்துட்டா."

"அக்கா, இதுல படுத்தா எந்திரிச்சிடலாம்னு..."

"படுத்தா எந்திரிச்சிடலாமா? ஏண்டா தம்பி, கேட்டியா? நடக்கக் கத்துக்கறதுக்கு மெத்தை வாங்கியிருக்கா உன் பொண்டாட்டி!"

தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். கணவன் சிரிக்கவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போனான். அதுவரை மகள் பகலில் அத்தை வீட்டிலும் ராத்திரி இங்கேயுமாக இருந்தாள். அந்த வாரத்திலிருந்து ராத்திரியும் அங்கேயே தங்கத் தொடங்கினாள். யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. மகளுடைய துணிகள் ஒன்றிரண்டாக அலமாரியிலிருந்து குறைந்தன. மெத்தை ஆறு மாதத்தைத் தாண்டி ஒரு வருடத்தையும் தாண்டிற்று. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மகளிடம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "ஒரு அம்மா நிக்கிற அம்மா, ஒரு அம்மா படுக்கிற அம்மா" என்று சொன்னாளாம். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார் என்று நாத்தனார் வந்து சொன்னாள். குழந்தையின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மகளுக்கு ஏழு வயது முடிகிற சமயத்தில் கடைக்கு ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். முதுகுவலிக்கு நல்ல மெத்தை வேண்டும் என்றாள். முதலாளி வழக்கம் போல, "நம்ம பொண்ணு படுத்துக் காட்டும் பாருங்க" என்றார். அவள் படுத்தாள். நெற்றி விரிந்தது. வந்தவள் மெத்தையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா. அப்படியே நில்லு" என்றாள். அவள் நின்றாள். வந்தவள் பேசாமல் காத்திருந்தாள். முதலாளி இன்னொரு மெத்தையைக் காட்டக் கூப்பிட்டார். அந்தப் பெண் கையைக் காட்டி அடக்கிவிட்டு, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாறு நிமிடம் போல ஆனபோது நின்றவளின் நெற்றி மறுபடி சுருங்கிற்று. கை தானாகப் பிடரிக்குப் போயிற்று.

"உனக்குப் பிரசவத்துல முதுகுல ஊசி போட்டாங்களா?"

 அத்தனை டாக்டர்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. "போட்டாங்க" என்றாள். "ரெண்டு மூணு தடவை குத்தினாங்க."

"நான் அந்த ஊசி போடற டாக்டர்தான்" என்றாள் வந்தவள். "உனக்குப் போட்டது நான் இல்ல. ஆனா போட்டவன் என் தொழில்காரன். உட்காரு. இல்ல, நீ படுத்துக்கோ. நான் உட்காருறேன்."

அந்த நார் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த டாக்டரம்மா சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் மனதில் வாங்கிக்கொண்டாள்.

"மூளைன்னா மண்டைக்குள்ள ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்குன்னு நெனச்சியா? அது தண்ணியில மிதக்குதும்மா. வெளிய எடுத்து நிறுத்தா ஒன்றரைக் கிலோ கிட்ட வரும். மிதக்கறதால உள்ள ஒரு முட்டை கனம்தான். அந்தத் தண்ணி மூளைக்கு நடுவுல இருக்கற சின்னச் சின்ன அறையில ஊறுது, ரத்தத்துல இருந்து. ஒரு அறையில இருந்து இன்னொண்ணுக்கு சந்து வழியா இறங்கி, பிடரி கிட்ட வெளிய வருது. அங்க இருந்து மூளையச் சுத்தி மேல ஏறும், முதுகுத்தண்டைச் சுத்தி இடுப்பு வரைக்கும் இறங்கும். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூச்சுக்கும் லேசா ஏறி இறங்கும். கடைசியில திரும்ப ரத்தத்துலயே கலந்துடும். பழசு போகப் போகப் புதுசு ஊறும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை மொத்தத் தண்ணியும் மாறிடும்."

"எனக்கு என்ன ஆச்சு?"

"அந்தத் தண்ணிய ஒரு உறை சுத்திக் கட்டி வச்சிருக்கு. மெத்தை உறை மாதிரின்னு வச்சுக்கோ. ஊசி அதுல ஓட்டை போட்டிருச்சு. சாதாரணமா தானா மூடிக்கும். உனக்கு மூடல. நிக்கும்போது தண்ணியோட பாரம் கீழ இறங்குது, ஓட்டையில கசியுது. மேல தண்ணி கொறஞ்சா மூளை தொங்கும். தொங்கினா இழுக்கும். படுத்தா எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துடுது, இழுக்கறது விட்டுடுது."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினாள். பிறகு, "இத்தனை வருஷமா ஒழுகின தண்ணியெல்லாம் எங்க போச்சு டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"உடம்புக்குள்ளயேதான். சதை உறிஞ்சிக்கும். வெளிய தெரியாது."

ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வெளியே வந்து துணியை நனைத்திருந்தால் நம்பியிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். ரத்தம் வந்தால் பதறுகிறார்கள். புண் வந்தால் முகம் சுளித்தாவது பார்க்கிறார்கள். இது உள்ளுக்குள்ளேயே ஒழுகி உள்ளுக்குள்ளேயே காய்ந்துபோன ஒன்று. இதற்குச் சாட்சி சொல்ல அவள் முகம் ஒன்றுதான் இருந்தது. அதைக் காட்டித்தான் கடைக்காரர் மெத்தை விற்றார்.

"சரிம்மா, அப்ப எந்த மெத்தை எடுத்துக்கறீங்க?" என்றார் முதலாளி.

டாக்டரம்மா எந்த மெத்தையும் எடுக்கவில்லை. அவளைத்தான் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மருந்து ஏற்றி மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மூளை கொஞ்சம் கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் அந்த உறைக்கு வெளியே விடுவார்களாம். ரத்தம் உறைந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்ளுமாம்.

"பஞ்சர் ஒட்டற மாதிரியா?" என்றான் கையெழுத்துப் போட வந்திருந்த கணவன். அவனுக்கு அது ஒன்றுதான் விளங்கிற்று.

"அதேதான்" என்றாள் டாக்டரம்மா. "பழைய ஓட்டை. ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். பாப்போம்."

ஒட்டிற்று. மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் வலியை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து நின்றாள். ஜன்னல் வரை நடந்து போய், அங்கேயே நின்றாள். கீழே ஆட்கள் வண்டி தள்ளிக்கொண்டும் பை தூக்கிக்கொண்டும் போய்க்கொண்டிருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த பெண் திரும்பி வந்து தட்டை எடுக்கிற வரை அவள் ஜன்னலோரமே நின்றிருந்தாள்.

அதோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். தண்ணீருக்குத்தான் இன்னும் கணக்குத் தீரவில்லை. இத்தனை வருடம் ஒழுகியதற்கு ஈடுகொடுத்துப் பழகிய உடம்பு, ஓட்டை அடைபட்ட பிறகு தண்ணீர் கூடிப்போய்த் தவித்தது. கொஞ்ச நாளைக்கு எல்லாம் தலைகீழாயிற்று. படுத்தால் வலித்தது, உட்கார்ந்தால் விட்டது. இப்படி ஆகும், தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஒரு மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்தியே விட்டாள்.

"முன்னெல்லாம் நின்னா வலிக்கும், அதனால வேலை செய்ய முடியாது. இப்ப படுத்தா வலிக்குதாம், குனிய மட்டும் கூடாதாம். ஆக மொத்தம் பாத்திரம் கழுவற பொசிஷன் மட்டும் டாக்டருங்க யாருக்கும் ஒத்துக்க மாட்டேங்குது!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஒரு மாதத்தையும் பொறுமையாகக் கழித்தாள். தலைகீழ் வலியும் போயிற்று. பிறகு வீட்டைப் பெருக்கித் துடைத்து, அந்த நார் மெத்தையை மகள் படுக்கப் போகிற மூலையில் போட்டு, புது விரிப்பு விரித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனையும் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் நடந்துதான் போனாள்.

மகள் தரையில் உட்கார்ந்து வீணான தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாத்தனார் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சடை பின்னிக்கொண்டிருந்தாள். நாத்தனார் உட்கார்ந்து அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

"கூட்டிட்டுப் போக வந்தேங்க்கா" என்றாள்.

"யாரை?"

"என் பொண்ணை."

நாத்தனார் பின்னலை விடவில்லை. "ஒரு ஊசியில எந்திரிச்சிட்டே, சந்தோஷம். ஒரு ஊசியில எந்திரிக்க முடிஞ்சவளுக்கு ஏழு வருஷம் என்ன கேடு வந்துச்சு? அப்பவே போட்டுக்கிட்டா என்ன?"

"யாருக்கும் தெரியலக்கா. உள்ள தண்ணி ஒழுகுச்சு..."

"தண்ணியாம், ஒழுகுச்சாம். துணி தொவச்சவ நான். ஒரு சொட்டு பாத்திருப்பேனா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். "பரீட்சை வருது. இப்ப நடுவுல இடம் மாத்தினா படிப்பு கெடும். கொஞ்ச நாள் போகட்டுமே" என்றான்.

"எந்திரிச்சா கூட்டிட்டு வர்றேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இல்லேங்கல. அக்காவையும் பாக்கணும்ல?"

மகள் தலையைத் திருப்பினாள். பின்னல் பாதியில் நின்றது. "அப்ப உன்னால எந்திரிக்க முடியுமா?" என்று கேட்டாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது போல இருந்தது. "முடியும்னா நான் ரோட்டுக்குப் போனப்ப ஏன் எந்திரிக்கல?"

டாக்டரம்மா சொன்னது அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தது. தண்ணீர் எங்கே ஊறுகிறது, எந்தச் சந்து வழியாக இறங்குகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே கலக்கிறது, எல்லாம் வரிசையாக நினைவிருந்தது. அதை ஒரு குழந்தைக்கு, இத்தனை பேர் முன்னால், எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் அடக்கிவைத்த வாய் அப்போது பார்த்துத் திறந்தது. அதுவும் மகளைப் பார்த்துத் திறக்கவில்லை.

"அக்கா, நீங்க செஞ்சது உதவி. எடுத்துக்கிட்டது கூலி. ஏழு வருஷக் கூலி போதும். புள்ளையக் குடுங்க."

நாத்தனார் சடையை விட்டாள். சத்தம் போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழத் தொடங்கினாள். இத்தனை நாளில் அவள் பேசித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அழுது யாரும் பார்த்ததில்லை. மகள் பதறிப்போய்த் திரும்பி அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அழாதம்மா, நான் போகலம்மா" என்றாள். கணவன், "கூலிங்கற வார்த்தையச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்துச்சு? அவ இல்லேன்னா இந்தப் புள்ள உயிரோட இருக்குமா?" என்றான்.  கேட்டதில் பாதி உண்மை என்பது அவளுக்கும் தெரியும். அவள் நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். பரீட்சை முடிந்தது. அடுத்த பரீட்சையும் முடிந்தது. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மெத்தைக்கடையில் அவள் படுத்துக் காட்டினால் இப்போது ஒன்றும் நடப்பதில்லை. படுப்பதற்கு முன்னும் பின்னும் முகம் ஒரே மாதிரி இருக்கிறது. "நீ நல்லாயிட்டதுல சந்தோஷம்தான். ஆனா கடைக்கு இது நஷ்டம்மா" என்று முதலாளி வாய்விட்டே சொன்னார். நன்றி கெட்டவர் இல்லை, துரத்திவிடவில்லை. பின்கட்டில் மெத்தைகளுக்கு உறை மாட்டுகிற வேலைக்கு மாற்றினார். சம்பளம் முன்னை விடக் குறைவு.

இன்றைக்கு அவளுக்குத் தலைவலி இல்லை. காலையிலிருந்து மாலை வரை நின்று வேலை பார்க்கிறாள், நடந்து போய் நடந்து வருகிறாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவோடு வந்து சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுவாள். அவள் இருப்பது அத்தை வீட்டில்தான்.